சாமை வாங்க டப்பாவோடு போங்கள்: தருமபுரியில் ஒரு சிறுதானியக் கடை

பதினெட்டு வருஷமாக எம்பிஏ பிள்ளைகளுக்குச் சில்லறை வணிகமும் சப்ளை செயினும் நடத்துகிறேன், அதிலும் பொருளை வீணாக்காமல் கடை நடத்துவது எப்படி என்பதுதான் என் பாடம். அதனால் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் மூட்டை எங்கிருந்து வருகிறது, மிச்சம் எங்கே போகிறது என்றுதான் முதலில் பார்ப்பேன். பென்னாகரம் ரோட்டில் இருக்கும் இந்தச் சின்னக் கடைக்கு எட்டு மாதமாகப் போய்வருகிறேன்.

போவதே சாமைக்காகத்தான். ராகி வருஷக்கணக்கில் கிடந்தாலும் பூச்சி அண்டாது, அந்தக் காலத்தில் குழி வெட்டிக் கொட்டி வைத்த தானியம் அது. சாமை அப்படியில்லை. உமியோடு இருக்கும்வரை கெடாது, உரித்துவிட்டால் தவிட்டில் இருக்கும் எண்ணெய் காற்றுப் பட்டுச் சில மாதத்திலேயே காறிப்போகும். போன வருஷம் வேறொரு பெரிய கடையில் பாக்கெட் சாமை வாங்கினேன், காலாவதித் தேதிக்கு இன்னும் நான்கு மாதம் இருந்தது, பிரித்ததுமே பழைய எண்ணெய் வாடை, அம்மா ஒரு வாய்கூட வைக்கவில்லை.

இங்கே சித்தேரி மலைச் சாமை உமியோடு மூட்டையாக வருகிறது. அந்த வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வியாழக்கிழமை பின்கட்டு மெஷினில் உரிக்கிறார்கள். அள்ளிப் பார்த்தால் உள்ளங்கையில் லேசாகத் தவிடு ஒட்டும், முகர்ந்தால் புது வைக்கோல் வாசம். விலை பாக்கெட்டைவிடக் கொஞ்சம் கூடத்தான், எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை.

ஞாயிறு சாயங்காலம் போனால் டின் காலியாக இருக்கும். இதற்குச் சிலர் கோபித்துக்கொள்கிறார்கள், நான் கடை பக்கம்தான். வகுப்பில் பேப்பர்காரர் கணக்கு என்று ஒன்று நடத்துவோம்: அதிகம் வாங்கினால் மிஞ்சிய பேப்பர் மறுநாள் எடைக்குத்தான் போகும், குறைத்து வாங்கினால் கேட்டு வந்தவர் வெறுங்கையோடு திரும்புவார், இரண்டு நஷ்டத்துக்கும் நடுவில் ஓர் அளவைப் பிடிக்க வேண்டும். கடைக்கார அக்கா இதை நாற்பது பக்க நோட்டில் செய்கிறார். எவ்வளவு விற்றது என்பதோடு, யார் கேட்டுக் கிடைக்காமல் போனார்கள் என்பதையும் எழுதுகிறார். கம்ப்யூட்டர் பில்லில் விற்றது மட்டும்தான் பதிவாகும், கிடைக்காமல் திரும்பியவர் அதில் வரவே மாட்டார். இதைப் புரியவைக்க எனக்கு இரண்டு வகுப்பு ஆகும், இப்போது பிள்ளைகளை நேரே இங்கே கூட்டிவந்து அந்த நோட்டைக் காட்டிவிடுகிறேன்.

டப்பா கொண்டுபோனால் முதலில் காலி டப்பாவை எடைபோட்டு மூடியில் மார்க்கரில் எழுதிவிடுவார்கள், அடுத்த முறை அந்த வேலை மிச்சம். மறந்துபோனால் மஞ்சப்பை, திருப்பிக் கொடுத்தால் காசு வாபஸ்.

குறை என்றால் கடலை எண்ணெய். டின்னை வாசலில் வெயில் படுகிற இடத்தில் வைத்திருக்கிறார்கள், எண்ணெய்க்கு வெளிச்சமும் சூடும் ஆகாது. இரண்டு முறை சொல்லிவிட்டேன், இன்னும் மாற்றவில்லை. எண்ணெய் மட்டும் அங்கே வாங்குவதில்லை.

சாமை வேண்டுமென்றால் வெள்ளி அல்லது சனி காலையில் போங்கள். ஞாயிறு போய்க் கிடைக்காவிட்டால் சும்மா திரும்பாமல் நோட்டில் பேரை எழுதச் சொல்லுங்கள், அடுத்த வியாழன் எத்தனை படி உரிப்பது என்று அக்கா அதைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்.