மூன்று கிழமை அம்மாவை யாரிடம் விடுவது?

ஐந்து வருடமாக அம்மாவை வீட்டில் வைத்துப் பார்க்கிறேன். பாரிசவாதத்தில் வலப்பக்கம் இயங்காது, இப்போது மறதியும் கூடிவிட்டது. எனக்கு ஒப்பரேஷன் செய்து, மூன்று கிழமைக்குப் பாரம் தூக்கவே கூடாது என்று டொக்டர் சொன்னதும், யாரிடம் விடுவது என்ற கேள்வி வந்தது.

வவுனியாவில் அக்கா இருக்கிறா. யாழ்ப்பாணத்திலிருந்து ஏ-9 வீதியில் 140 கிலோமீற்றர் அம்மாவை வானில் படுக்க வைத்துக் கொண்டுபோக மனம் வரவில்லை. கைதடி அரச முதியோர் இல்லம் ஆதரவில்லாதவர்களுக்கானது. மிஞ்சியவை இரண்டு: காசு கட்டிக் குறுகிய காலம் விடக்கூடிய இல்லம், அல்லது வீட்டோடு நிற்க ஒரு ஆள்.

இல்லம் ஒன்றைப் போய்ப் பார்த்தேன். சுத்தம், சாப்பாடு, மருந்து எதிலும் குறை இல்லை. “இரவில் எத்தனை தரம் திருப்பிப் படுக்க வைப்பீங்கள்?” என்று கேட்டேன். இரவில் ஒரு பிள்ளைதான் எல்லாரையும் பார்க்கிறா என்றார்கள். அவவைக் குறை சொல்ல முடியாது, ஆனால் என் முடிவு அந்த இடத்திலேயே வந்துவிட்டது.

தானாகப் புரள முடியாதவரை ஏறக்குறைய இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் திருப்ப வேண்டும். இல்லாவிட்டால் நாரி எலும்பின் அடி, இடுப்பு, குதிக்கால் என்று எலும்பு அழுத்தும் இடமெல்லாம் புண் வரும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தும்போதும் சிவப்பு வெளிறாவிட்டால் அதுதான் தொடக்கம். ஐந்து வருடம் புண் இல்லாமல் காத்த உடம்பை மூன்று கிழமையில் இழக்க நான் தயாரில்லை. அம்மாவின் மறதிக்கும் புது இடம் ஒத்துவராது. இருட்டில் விழித்தால் சாமியறை விளக்கைத் தேடுவா.

அதனால் வீட்டுக்கே ஆள் வைத்தேன். நோயாளர் பராமரிப்புப் படித்த, ஐம்பது வயதுக்காரி. ஒரு ஆளே இரவு பகல் பார்ப்பா என்று நினைத்தது என் பிழை. மூன்றாம் நாளே அவவின் கண் சொருகியது. பெரியம்மாவின் மகளை முன்னிரவுக்குக் கூப்பிட்டோம், பின்னிரவு வைத்த ஆள் எழும்பினா. சம்பளம், சாப்பாடு, இரவு ஆளுக்குத் தனிக்காசு என்று கூட்டினால் இல்லத்தைவிடச் செலவு அதிகம். கனடாவில் இருக்கும் தம்பி அனுப்பியதால் சமாளித்தேன்.

ஆள் வைப்பவர்கள் நீங்கள் போவதற்கு முன் மூன்று நாளாவது நீங்களும் அந்த ஆளும் சேர்ந்து பார்த்துக்கொள்ளுங்கோ. நான் ஒரு கொப்பியில் எல்லாம் எழுதி வைத்தேன்: மருந்து நேரம், நிமிர்த்தி இருத்தித்தான் கஞ்சி பருக்க வேண்டும், சாப்பிட்டு அரை மணித்தியாலம் படுக்க விடக்கூடாது, அம்மா “கிணறு” என்றால் தாகம்.

எழும்பி நடந்து, நாலு பேரோடு கதைக்க விரும்புகிறவருக்கு இல்லம் நல்லதாக இருக்கலாம். வைத்த ஆளுக்கே காய்ச்சல் வந்தால் வீட்டு ஏற்பாடு குழம்பும், இல்லத்தில் அந்தப் பயம் குறைவு. என் அனுபவமும் மூன்று கிழமைதான். பாரமான ஒருவரைத் தூக்க வேண்டிய வீட்டுக்கு இது பொருந்துமோ என்று உறுதியாகச் சொல்லமாட்டேன்.

ஆஸ்பத்திரியால் வந்ததும் முதலில் அம்மாவின் குதிக்காலைப் பார்த்தேன். புண் இல்லை. பிறகு கொப்பியைத் திறந்தேன். வைத்த ஆளின் கையெழுத்தில் ஒரு வரி: “3 மணி. கிணறு எண்டவ. தண்ணி குடுத்தன்.”