வாக்குறுதிக்கு ‘கீப்’பா, ‘ஃபுல்ஃபில்’லா?

வாக்குறுதியைக் காப்பாற்றுவதை ஆங்கிலத்தில் சொல்ல, அன்றாடப் பேச்சுக்கு ‘கீப்’ போதும்: ‘ஷி கெப்ட் ஹெர் பிராமிஸ்’. அதுவே வாக்கு என்ற பொருளில் ‘வேர்ட்’ என்று வந்தால் ‘கீப்’தான் பொருந்தும், ‘ஃபுல்ஃபில் ஹெர் வேர்ட்’ காதில் இடறும். அப்பாயின்ட்மென்ட், சீக்ரெட் இரண்டும் ‘கீப்’ பக்கம்தான்.

நம்மவர்கள் அதிகம் சறுக்குவது, ‘கீப் அப் த பிராமிஸ்’ என்று நடுவில் ஒரு ‘அப்’பைச் செருகும்போது. ‘கீப் அப்’ என்றால் விடாமல் தொடர்வது, ஈடுகொடுப்பது. வாக்குறுதிக்கு அது வேண்டவே வேண்டாம்.

‘ஃபுல்ஃபில்’ கோட்டு சூட்டு போட்ட சொல். ஒப்பந்தம், தேர்தல் வாக்குறுதி, அலுவலகக் கடிதம் இவற்றில் எடுப்பாக நிற்கும். நிபந்தனை, தகுதி, கனவு ஆகியவற்றுக்கும் இதுதான். ‘கீப் த கண்டிஷன்ஸ்’ எடுபடாது. குடிப்பதில்லை என்ற வாக்கை நாள்தோறும் ‘கீப்’ பண்ணலாம். பாலம் கட்டித் தருவேன் என்றால், கட்டி முடித்த பிறகுதான் ‘ஃபுல்ஃபில்டு’.

‘ஃபுல்ஃபில்’லை எழுதும்போது பிரிட்டிஷ் முறையில் கடைசியில் ஒரு ‘எல்’ (fulfil), அமெரிக்க முறையில் இரண்டு (fulfill). இறந்தகாலத்தில் இரு முறையிலும் இரண்டு. முதல் அசையில் எப்போதும் ஒன்றுதான்; ‘ஃபுல்’லை நினைத்து இரண்டு போட்டுவிடாதீர்கள்.

எதிர்ச்சொல்? ‘கீப்’புக்கு ‘பிரேக்’. ‘ஃபுல்ஃபில்’லுக்கு ‘ஃபெயில் டு ஃபுல்ஃபில்’ என்று சுற்றித்தான் வரவேண்டும்.