நாயும் பிள்ளையும்: எது சுலபம்?

குழந்தை வேண்டாம், நாய் போதும் என்று முடிவு செய்யும் தம்பதிகள் சுலபமான வழியைப் பிடித்துக்கொண்டார்கள் என்ற பேச்சு ஓயவில்லை. போப் பிரான்சிஸ் 2022 ஜனவரியில் அதைச் சுயநலம் என்றே சொன்னார். தென்கொரியாவில் 2023-ல் பிறப்பு விகிதம் பெண்ணுக்கு 0.72 குழந்தை என்ற அளவுக்கு இறங்கியது. அதே வருஷம் அங்கே ஜிமார்க்கெட் என்ற இணைய விற்பனைத் தளத்தில் குழந்தைகளின் தள்ளுவண்டியைவிட நாய்களுக்கான தள்ளுவண்டி அதிகம் விற்றது. சரி, நிஜமாகவே சுலபம்தானா?

எங்கள் குடும்பத்தில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிகிறது. 2016-ல் தெருவில் கிடந்த நாய்க்குட்டி மணியை நாங்கள் எடுத்து வந்தோம். இரண்டு மாதம் கழித்து என் தங்கைக்கு மகள் பிறந்தாள்.

முதல் வருஷத்தில் நாய்தான் சுலபம், சந்தேகமில்லை. தங்கை ராத்தூக்கத்தையே மறந்திருந்தபோது மணி விடியும்வரை குறட்டை விட்டான். ஆனால் அவளுக்கு அம்மா துணைக்கு வந்தார், மாமியார் வந்தார், சட்டப்படி சம்பளத்தோடு பிரசவ விடுப்பும் வந்தது. மணிக்குப் பார்வோ என்ற வைரஸ் நோய் வந்து ஐந்து நாள் டிரிப் ஏற்றியபோது, எனக்கே காய்ச்சல் என்று பொய் சொல்லித்தான் லீவு வாங்கினேன். நாய்க்கு முடியவில்லை என்று அலுவலகத்தில் சொல்ல வாய் வரவில்லை.

செலவில் போட்டியே இல்லை, பிள்ளைக்குத்தான் அதிகம். பள்ளிக் கட்டணம் ஒன்றே போதும்.

பயணத்தில் பிள்ளை ஜெயிக்கிறது. இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு எந்த ரயிலிலும் ஏறலாம். நாயைக் கூட வைத்துக்கொள்ள முதல் வகுப்பில் கூபே என்ற தனி அறை முழுவதையும் பதிவு செய்ய வேண்டும், இல்லையென்றால் கார்டு பெட்டியில் உள்ள கூண்டு. சொந்தக்காரர் கல்யாணத்துக்கு எங்களில் ஒருவர்தான் போகிறோம்.

“வயசான காலத்தில் உங்களை யார் பார்ப்பார்கள்?” என்று என் மாமியார் கேட்பார். அவர் பயம் நியாயமானது. ஆனால் பெற்றோரைப் பிள்ளைகள் பராமரிக்க வேண்டும் என்று 2007-ல் சட்டமே போட வேண்டியிருந்ததே.

என்னைப் பொறுத்தவரை பெரிய வித்தியாசம் இவை எதுவும் இல்லை, வேறொன்று. பிள்ளை வளர வளரக் கை விலகுகிறது. மணி எங்களைவிட்டு விலகவே மாட்டான். ஒன்பது வயதில் தங்கை மகள் தானே தலை வாரி, சைக்கிளில் டியூஷன் போனாள். ஒன்பது வயதில் மணிக்கு முகம் நரைத்து, பின்னங்கால் இழுக்க ஆரம்பித்தது. நாயின் ஆயுள் பன்னிரண்டு, பதின்மூன்று வருஷம். வளர்த்த கையாலேயே புதைக்க வேண்டும் என்று தெரிந்தேதான் அதை வீட்டுக்குள் கொண்டுவருகிறோம். இதைச் சுலபம் என்று என்னால் சொல்ல முடியாது.

அதனால்தான் “குழந்தைக்கு முன்னால் ஒரு நாயை வளர்த்துப் பார்ப்போம்” என்பவர்களைக் கண்டால் கோபம் வருகிறது. பிள்ளை பிறந்ததும் அந்த நாயை யாரிடமாவது தள்ளிவிடுகிறார்கள். அது நாய்க்குச் செய்யும் துரோகம். இரண்டையும் சேர்த்து வளர்க்க மனம் இருந்தால் மட்டும் எடுங்கள்.

நாங்கள் இருப்பது இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. தினமும் இரண்டு வேளை என் கணவர் மணியைத் தூக்கிக்கொண்டு படியேறுகிறார். தரைத்தளத்தில் வீடு தேடுகிறோம். நாய் என்றதும் இதுவரை மூன்று வீட்டுக்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள். தங்கை தன் தெருவில் ஒரு வீடு காலியாகிறது என்றாள். ஞாயிற்றுக்கிழமை மணியையும் கூட்டிக்கொண்டே போய்ப் பார்க்கப் போகிறோம்.