ஃபியூஸ் டேப் செட்: டேப் ஓகே, கூட வர்ற ஃபியூஸ நம்பாதீங்க

டாஷ்கேமுக்கு (வண்டி முன் கண்ணாடில மாட்டுற கேமரா) லைன் எடுக்க ஆன்லைன்ல வாங்குன செட் இது. ஃபியூஸ் டேப்னா, ஃபியூஸ் பாக்ஸ்ல ஒரு ஃபியூஸ பிடுங்கிட்டு அந்த இடத்துல சொருகி, தனி ஃபியூஸோட புது லைன் எடுக்குற குட்டி ஹோல்டர். பேர் தெரியாத கம்பெனி, ஐந்நூறு ரூபாய்க்குள்ளதான், மினி, லோ ப்ரொஃபைல் மினி, மைக்ரோ 2, ஸ்டாண்டர்ட்னு நாலு சைஸ் டேப்பு, கலர் கலரா கொஞ்சம் ஃபியூஸ், ஃபியூஸ் பிடுங்க ஒரு குட்டி கிளிப். மொத்தமா அஞ்சுக்கு மூணு, டேப்புக்கு மட்டும்னா நாலரை.

எதுக்கு இத வாங்கணும்னு கேப்பீங்க. நம்ம நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் கேமரா மாட்டக் குடுத்தா நிறைய இடத்துல ஃபியூஸ பிடுங்கி அது கால்ல செப்புக் கம்பிய ஒரு சுத்து சுத்தி திரும்ப சொருகி விட்டிருவாங்க, "ஒண்ணும் ஆகாதுண்ணே, நாங்க எத்தன வண்டிக்கு செஞ்சிருக்கோம்"னு ஒரு டயலாக் வேற. கேமரா ஓடத்தான் செய்யும். ஆனா ஃபியூஸ் பாக்ஸ் உள்ள இருக்குற பிடி அகண்டு போகும், அப்புறம் ஃபியூஸ் லூசா நிக்கும், லூசா நின்னா சூடாகும். அதவிட பெரிய சிக்கல், அந்த ஒல்லி வயருக்குன்னு தனி ஃபியூஸ் கிடையாது. 20 ஆம்ப் மஞ்ச ஃபியூஸ்ல சுத்தியிருந்தா, வயர் எங்கயாவது உரசி பாடில தொட்டா அந்த 20 போறதுக்குள்ள வயர் உருகிரும், அதுவும் சப்ளை வர்ற கால்ல சுத்தியிருந்தா அந்த 20கூட குறுக்க இல்ல. ஃபியூஸ் இருக்கறது வயரக் காப்பாத்த மக்களே, கேமராவக் காப்பாத்த இல்ல.

டேப்புல ரெண்டு ஃபியூஸ் நிக்கும், கால் பக்கம் இருக்குற சாக்கெட்ல வண்டியோட பழைய ஃபியூஸ், வெளிப் பக்கத்துல நம்ம புது ஃபியூஸ். டாஷ்கேம் இழுக்குறது 1 ஆம்புக்கும் கீழதான், 2 இல்லன்னா 3 ஆம்ப் தாராளம். இதுல யாரும் சொல்லித் தராத விஷயம் சொருகுற திசை. டேப்போட ரெண்டு கால்ல ஒண்ணு ரெண்டு ஃபியூஸுக்கும் பொது, சப்ளை வர்ற பக்கத்துல அந்தக் காலுதான் போகணும். அப்போதான் கேமரா இழுக்குற கரண்ட் பழைய ஃபியூஸ் வழியா போகாது. திருப்பி சொருகுனாலும் எல்லாமே வேலை செய்யும், அதனால யாருக்கும் தெரியாது, ஆனா ரெண்டு லோடும் பழைய ஃபியூஸ் தலையில ஏறும். கண்டுபிடிக்க ஈஸி வழி இருக்கு. பழைய ஃபியூஸ் இடத்த காலியா விட்டு, புது ஃபியூஸ மட்டும் போட்டு டேப்ப சொருகி, சாவிய ஆன் பண்ணி, வெளிய வர்ற வயர்ல டெஸ்ட் லேம்ப் வச்சுப் பாருங்க. எரிஞ்சா திசை சரி, எரியலன்னா திருப்பி சொருகுங்க. கம்பெனிக்காரன் வச்ச பேப்பர்ல இதப் பத்தி ஒரு வரி கிடையாது, ஆனா சைனீஸ்ல ரெண்டு பக்கம் என்னமோ இருக்கு.

எந்த ஃபியூஸ்ல எடுக்கணும்னா சிகரெட் லைட்டர் சாக்கெட், ஸ்டீரியோ, வைப்பர் மாதிரி. ஏர்பேக், ஏபிஎஸ், இஞ்சின் ஈசியூ (இஞ்சின ஓட்டுற கம்ப்யூட்டர்) பக்கம் கைய வைக்காதீங்க. சைஸும் பாத்து வாங்குங்க, மினியும் லோ ப்ரொஃபைலும் பாக்க ஒண்ணு போலவே இருக்கும், கால் நீளம்தான் வேற.

இப்போ ஃபியூஸ் கதைக்கு வாறேன். பார்வதிபுரம் பக்கம் எனக்குத் தெரிஞ்ச எலக்ட்ரீஷியன் அண்ணன் ஒருத்தர் இருக்காரு, செட்ட பாத்ததுமே ஃபியூஸ கையில எடுத்து "இதுக்க வெயிட்டே சரியில்லையே டே"ன்னாரு. உடனே பழைய பேட்டரில 5 ஆம்ப் ஃபியூஸ் வழியா ரெண்டு 55 வாட் ஹெட்லைட் பல்ப சேத்து எரிய விட்டாரு, கிட்டத்தட்ட 9 ஆம்ப் ஓடும், நல்ல ஃபியூஸ்னா கொஞ்ச வினாடில போயிரணும். செட்ல வந்தது போகவே இல்ல, பல்பு ஜம்முன்னு எரியுது, ஃபியூஸ் பிளாஸ்டிக் இளகி நாத்தம் அடிக்குது! கடைல வாங்குன நல்ல கம்பெனி ஃபியூஸ் அதே லோட்ல பட்டுன்னு போச்சு. அதனால கூட வந்ததெல்லாம் நேரா குப்பைக்கு, ஃபியூஸ் மட்டும் தனியா நல்லதா வாங்குங்க, அதுக்குப் போயி கஞ்சத்தனம் பாக்காதீங்க.

டேப்புல வயர சேக்குற நீலக் கலர் ஸ்லீவ் சுமார். கட்டிங் பிளேயர்ல கடிச்சு விட்டா இழுத்த உடனே கையோட வந்துரும், கிரிம்பிங் டூல் உள்ளவங்க கிட்ட குடுத்து அமுக்குங்க, மேல ஹீட் ஷ்ரிங்க் (சூடு காட்டுனா சுருங்கிப் பிடிக்கிற குழாய்) போடுங்க. குளச்சல், முட்டம்னு கடற்கரையோரம் வண்டி நிக்கிறவங்களுக்கு இது கண்டிப்பா வேணும், உப்புக் காத்துல செம்பு பச்சையா பூத்துரும், நமக்கு ரெண்டு பருவமழையும் வேற உண்டு. எர்த்தும் அப்படித்தான், பெயிண்ட் மேல லக்க (வயர் முனையில இருக்குற வளையம்) வச்சு முறுக்கி பிரயோஜனம் இல்ல, பாடில நேரா முறுக்குன போல்ட் பாத்துப் பிடிங்க.

பார்க்கிங் மோடுக்காக (வண்டி நிக்கும்போதும் கேமரா ஓட) எப்பவும் சப்ளை உள்ள ஃபியூஸ்ல இன்னொரு டேப் போடுறவங்க, ஹார்ட்வயர் கிட்ல (கேமராவ ஃபியூஸ் பாக்ஸோட சேக்குற வயர் செட்) வோல்டேஜ் கட் ஆஃப், அதாவது பேட்டரி இறங்குனா கேமராவ நிறுத்துற வசதி இருக்கான்னு பாருங்க, இருந்தா 12 வோல்ட்டுக்கு கீழ வைக்க வேண்டாம். ஜங்ஷன் ஸ்டேஷன்ல வண்டிய விட்டுட்டு சென்னைக்கு ரயில் ஏறுனா, திரும்பி வரும்போது செல்ஃப் அடிக்கணும்ல.

ஃபாக் லேம்ப், ஆம்ப்ளிஃபையர் போடுறவங்க இத வாங்காதீங்க. இந்த மாதிரி டேப்பு பொதுவா 10 ஆம்புக்குத்தான், ரெண்டு 55 வாட் ஃபாக் லேம்பே 9 ஆம்ப் தின்னும். அதுக்கு பேட்டரில இருந்து நேரா தடி வயர், பேட்டரி பக்கத்துலயே ஒரு இன்லைன் ஃபியூஸ் (வயர் நடுவுலயே வர்ற ஃபியூஸ்), நடுவுல ரிலேன்னு (சின்ன கரண்ட்ல பெரிய லோட ஆன் பண்ற சுவிட்ச்) தனி வயரிங் போடணும்.