தனிக்குடித்தனம் போன உலாவிகள்: விவால்டி, லிப்ரவுல்ஃப், பேல் மூன், டில்லோ

குரோமை விட்டு வேறு உலாவிக்கு மாற நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் பார்ப்பது தோற்றத்தை. நான் முதலில் பார்க்கச் சொல்வது உள்ளே ஓடும் பொறியை. உலாவிகளின் பெயர்ப் பட்டியல் எவ்வளவு நீண்டாலும், ஒரு பக்கத்தின் நிரலைப் படித்துத் திரையில் வரைந்து தரும் பொறிகளில் பெருவழக்கில் இருப்பவை மூன்றுதான்: குரோமின் அடித்தளமான குரோமியத்தின் பிளிங்க், பயர்பாக்ஸின் கெக்கோ, சஃபாரியின் வெப்கிட். சொந்தப் பொறி வைத்திருந்த ஓபெரா 2013-இல் அதைக் கைவிட்டுக் குரோமியத்தின் பக்கம் வந்தது; எட்ஜும் அதே வழியில் செல்லும் என்று மைக்ரோசாஃப்ட் 2018 டிசம்பரில் அறிவித்தது. பெருநிறுவனங்களே இறக்கிவைத்த சுமையைச் சிறு குழு ஒன்று எப்படிச் சுமக்கிறது, எவ்வளவு பங்கைத் தன் தோளில் ஏற்றுகிறது, மிச்சத்தை யாரிடம் விட்டுவிடுகிறது என்பதிலேயே அந்த உலாவியின் குணம் அடங்கியிருக்கிறது. ஆகவே இந்த நான்கையும், நிரல் தந்த மூல உலாவியான தாய்வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் விலகியிருக்கின்றன என்ற ஒரே அளவுகோலால் அளக்கிறேன்.

விவால்டி மாடியில் தனி அடுப்பு வைத்துக்கொண்ட மகன். ஓபெராவின் நிறுவனர்களுள் ஒருவரான யோன் வான் டெட்ஷ்னர் தொடங்கிய இது, 2015-இல் முன்னோட்டமாகவும் 2016 ஏப்ரலில் முதல் நிலையான பதிப்பாகவும் வெளிவந்தது. பொறி முழுவதும் குரோமியம்; அதன்மேல் எழுப்பிய இடைமுகம் மட்டும் சொந்தம். தாவல்களை அடுக்கி ஒன்றாக்கலாம், ஒரே சாளரத்தில் இரண்டு மூன்று பக்கங்களை அருகருகே விரிக்கலாம், மின்னஞ்சலையும் செய்தியோடைகளையும் உலாவிக்குள்ளேயே படிக்கலாம். அமைப்புகளுக்குள் நுழைந்தால் வெளியே வர அரை நாள் ஆகும் என்பது குறையா நிறையா என்பது அவரவர் பொறுமையைப் பொறுத்தது. இடைமுகத்தின் நிரல், யாரும் எடுத்து மாற்றிப் பயன்படுத்தத்தக்க முழுமையான திறமூலம் அன்று. திறமூலத்தை நிபந்தனையாக வைத்திருப்பவர்கள் இந்த இடத்திலேயே விலகிக்கொள்ளலாம்.

லிப்ரவுல்ஃப் தாய்வீட்டிலேயே இருந்துகொண்டு தன் அறைக்கு மட்டும் இரட்டைப் பூட்டுப் போட்டுக்கொள்கிறது. பயர்பாக்ஸின் நிரலை எடுத்து, பயன்பாட்டுத் தகவல்களை அதை உருவாக்கும் மோசில்லாவுக்கு அனுப்பும் பகுதிகளை நீக்கி, விளம்பரங்களைத் தடுக்கும் துணைநிரலான யூபிளாக் ஒரிஜின் நீட்சியை முன்கூட்டியே சேர்த்து, கெக்கோவில் ஏற்கெனவே இருக்கும் கடுமையான தனியுரிமை அமைப்புகளைத் தொடக்கத்திலேயே இயக்கித் தருகிறார்கள். புதிதாகக் கட்டியது குறைவு. தேர்ந்தெடுத்து மாற்றியது அதிகம். அந்தத் தேர்வுகளுக்கான விலையைப் பயனர் அன்றாடம் கொடுக்கிறார். உலாவியை மூடியதும், உள்நுழைவை நினைவில் வைக்கும் குக்கிகள் அழிவதால் ஒவ்வொரு முறையும் மீண்டும் உள்நுழைய வேண்டும். கருவியின் அடையாளக் கூறுகளைத் திரட்டி ஆளை இனங்காணும் முறையை முறியடிப்பதற்காக, நேர மண்டலம் உண்மையானதாகத் தளங்களுக்குச் சொல்லப்படுவதில்லை. நாட்காட்டித் தளத்தில் சந்திப்பு நேரம் சில மணி தள்ளிக் காட்டினால் குற்றம் தளத்தினுடையது அன்று. முப்பரிமாண வரைகலைக்கான வெப்ஜிஎல் அணைக்கப்பட்டிருப்பதால் சில வரைபடங்களும் விளையாட்டுகளும் திறப்பதில்லை. உரிமப் பாதுகாப்புள்ள காணொளிச் சேவைகளுக்கும் தனியே அனுமதி தர வேண்டும். எல்லாவற்றையும் அமைப்புகளில் மாற்றலாம் என்பது உண்மைதான். ஆனால் ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் கையில் இருப்பது மீண்டும் பயர்பாக்ஸாகிவிடும். அந்த நிலைக்கு வந்தவர் பயர்பாக்ஸையே வைத்துக்கொள்வது நேர்மையான வழி.

இந்த இரண்டுக்கும் இடையிலான உண்மையான வேறுபாடு விளம்பரத் தடுப்பில் வெளிப்படுகிறது. நீட்சிகளுக்கான புதிய விதிமுறையான மேனிஃபெஸ்ட் 3-ஐக் கொண்டுவந்த கூகுள், பழைய முறையில் எழுதப்பட்ட நீட்சிகளை 2024 முதல் படிப்படியாக முடக்கியது. முன்பு பக்கம் இணையத்துக்கு அனுப்பும் ஒவ்வொரு கோரிக்கையையும் இடைமறித்து அனுப்பலாமா தடுக்கலாமா என்று நீட்சியே முடிவெடுத்தது. புதிய முறையில் விதிப்பட்டியலை உலாவியிடம் ஒப்படைத்துவிட்டு நீட்சி ஒதுங்கி நிற்க வேண்டும். பொறியைக் கடன்வாங்கிய விவால்டியால் இந்த முடிவை நெடுங்காலம் எதிர்த்து நிற்க இயலாது. அதனால்தான் 2020-லேயே தன் உலாவிக்குள் நேரடியாகக் கட்டிவைத்த தடுப்பான் அதற்கு முக்கியமாகிறது. அது போதுமான அளவு வேலை செய்கிறது, எனினும் யூபிளாக் ஒரிஜினின் நுணுக்கம் அதில் இல்லை. கெக்கோவில் பழைய அனுமதி தொடர்வதால், அதன் நிழலில் இருக்கும் லிப்ரவுல்ஃபுக்கு இந்தக் கவலை எழவில்லை. தாய்வீட்டின் நடத்தையே பிள்ளையின் உரிமையைத் தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

தளங்களுடன் ஒத்துப்போவதில் விவால்டியே மேல். வங்கித் தளமோ காணொளிச் சந்திப்போ குரோமில் ஓடுவது இதிலும் ஓடும். ஆனாலும் ஒரு வேடிக்கையான வரலாறு உண்டு. ஒரே பொறியாக இருந்தும், பெயரைப் பார்த்தே சில தளங்கள் திருப்பி அனுப்பியதால், 2019 டிசம்பர் முதல் விவால்டி பெரும்பாலான தளங்களிடம் தன்னைக் குரோம் என்றே அறிமுகப்படுத்திக்கொள்கிறது.

பாதுகாப்புத் திருத்தங்களைப் பொறுத்தவரை, தாய்ப்பொறியில் ஓட்டை அடைக்கப்பட்ட நாளுக்கும் அது நம் கணினிக்கு வந்துசேரும் நாளுக்கும் உள்ள இடைவெளியே கவனிக்கத்தக்கது. திருத்தம் வெளியானவுடன் ஓட்டை எங்கே என்பது ஊருக்கே தெரிந்துவிடுகிறது அல்லவா? விவால்டி தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும். லிப்ரவுல்ஃப் குழுவும் பயர்பாக்ஸைப் பொதுவாகச் சில நாட்களுக்குள் தொடர்ந்துவிடுகிறது. ஆனால் விண்டோஸில் அதற்கான புதுப்பிப்புக் கருவியை நிறுவும்போதே சேர்த்துக்கொள்ளாதவர், பழைய பதிப்பிலேயே மாதக்கணக்கில் இருந்துவிடக்கூடும். இரட்டைப் பூட்டுப் போட்டுவிட்டுச் சன்னலைத் திறந்து வைத்த கதைதான்.

பேல் மூன் பாகம் பிரித்துக்கொண்டு வெளியேறிய பிள்ளை. 2009-இல் பயர்பாக்ஸின் வேகமான தொகுப்பாகத் தொடங்கி, பின்னர் கெக்கோவிலிருந்து கிளைத்த கோவானா என்னும் பொறியைத் தனியே வளர்த்துவருகிறது. 2017 நவம்பரில் பயர்பாக்ஸ் 57 கைவிட்ட பழைய நீட்சி முறை இதில் இன்றும் உயிரோடு இருக்கிறது. உலாவியின் எந்த மூலையையும் மாற்றி எழுதும் சுதந்திரம் பெருவழக்கில் உள்ள உலாவிகள் எதிலும் இந்த அளவுக்குக் கிடையாது. இவ்வளவு சிறிய குழு ஒரு முழுப் பொறியையே தாங்கிவருவதைப் பாராட்டாமல் இருக்க முடியாது. இருந்தும் என் முதன்மை உலாவியாக இதை வைக்கத் துணியமாட்டேன். எல்லாத் தாவல்களும் ஒரே செயல்முறைக்குள் ஓடுவதால், ஒரு தளத்தை மற்றொன்றிலிருந்து பிரித்து வைக்கும் இன்றைய காப்புச் சுவர் இதில் இல்லை. காணொளிச் சந்திப்புக்குத் தேவையான வெப்ஆர்டிசி கிடையாது. உரிமப் பாதுகாப்புள்ள காணொளியும் ஓடாது. நாம் மனிதர்தானா என்று சோதிக்கும் வாசல் பக்கங்கள் இதைச் சந்தேகத்தோடு பார்த்துச் சுற்றவிடுவதும் உண்டு.

டில்லோவை இவற்றோடு ஒரே தட்டில் வைப்பது நியாயம் அன்று. 1999-இல் பிறந்த இதற்குச் சொந்தப் பொறி இருக்கிறது, ஜாவாஸ்கிரிப்ட் இல்லை. 2015-க்குப் பின் பதிப்பே வராமல் கிடந்து, 2024-இல் 3.1.0 பதிப்புடன் மீண்டு வந்தது. மிகக் குறைந்த நினைவகத்தில் நொடியில் திறக்கும். கட்டுரைகளையும் கையேடுகளையும் படிக்கப் போதும், உள்நுழைவு தேவைப்படும் பெரும்பாலான தளங்களில் கைவிரிக்கும்.

என் கணினியில் முதன்மை உலாவியாக விவால்டி இருக்கிறது. தனியுரிமைத் தராசில் லிப்ரவுல்ஃபே கனமானது என்று ஒப்புக்கொண்டே இதைச் சொல்கிறேன். நாளுக்குப் பலமுறை மீண்டும் உள்நுழையும் பொறுமை எனக்கு இல்லை. தேடவும் படிக்கவும், கணக்கு எதுவும் தேவைப்படாத இடங்களுக்குப் போகவும் லிப்ரவுல்ஃபைத் திறக்கிறேன். மூடியதும் தடயம் அழிவது அங்கே தொல்லையாகத் தெரிவதில்லை. பழைய நீட்சி ஒன்று இல்லாமல் வேலை நடக்காது என்பவருக்கு மட்டுமே பேல் மூனைப் பரிந்துரைப்பேன், அதுவும் பணப் பரிமாற்றத்துக்கு வேறோர் உலாவியை ஒதுக்கிய பிறகு. டில்லோவையும் நான் நீக்கவில்லை: பக்கத்தில் உள்ள எச்டிஎம்எல் பிழைகளை அது எண்ணிக் காட்டும், நானே எழுதிய பக்கங்களை அதில் திறந்து பார்த்துப் பிழை திருத்துவது வழக்கமாகிவிட்டது.