உப்புவெளியில் ஒருநாள் மேற்பார்வையாளர் பயிற்சி: ஆட்களை அனுப்பலாமா?

சீசன் தொடங்குமுன் ஆட்களை இந்தப் பயிற்சிக்கு அனுப்பலாமா என்று திருகோணமலை நிலாவெளிப் பக்கம் ஹோட்டல், கெஸ்ட் ஹவுஸ் நடத்துகிற பலர் கேட்கிறார்கள். அனுப்பலாம், ஆனால் புது ஆட்களுக்கு வேலை பழக்குவது எப்படி என்று காட்டுகிற பின்னேர வகுப்புக்காக மட்டும். காலை முழுக்கத் திரையைப் பார்த்து வாசிப்புத்தான், தலைமைத்துவம், தொடர்பாடல் என்று எங்கேயும் கிடைக்கிற சங்கதி. தமிழ்க் கையேடு வாசித்தால் விளங்காது.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு பயிற்றுநர் ஒரு துண்டு இரட்டை வயரை எடுத்தார். யாராவது இழுத்தாலும் இணைப்பு கழன்று வராமல் பல்ப் ஹோல்டருக்குள் போடுகிற முடிச்சு இருக்கிறதே, அதை எப்படிப் போடுவது என்று வாயால் மட்டும் சொன்னார். ஒருவருக்கும் வரவில்லை. அப்புறம் பேசாமல் போட்டுக் காட்டினார், அதுவும் சரிவரவில்லை. பிறகு ஒருவரைத் தன் பக்கத்தில் இருத்தி (எதிரே இருந்தால் இடம் வலமாகத் தெரியும்), ஒவ்வொரு படியாகக் காட்டி, எங்கே கவனம் வேண்டும், ஏன் அப்படி என்று சொல்லி, அவரையே போடவைத்து, போட்டுக்கொண்டே விளக்கவும் சொன்னார். வந்துவிட்டது!

இந்த முடிச்சுப் பாடத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. முதலாம் உலகப் போரில் அமெரிக்கக் கப்பல் கட்டும் தளங்களில் அனுபவமில்லாதவர்களை அவசரமாகப் பழக்க வேண்டி வந்தபோது தொழிற்கல்விப் பயிற்றுநர் சார்ல்ஸ் அலன் பயன்படுத்தியது வேலை பழக்குகிற நாலு படி முறை. 1940இல் அங்கே தொடங்கிய டி.டபிள்யூ.ஐ. என்ற தொழிலகப் பயிற்சித் திட்டம் அதைச் செதுக்கி, 1945க்குள் 16,000க்கும் அதிகமான தொழிற்சாலைகளுக்குக் கொண்டுபோனது. போர் முடிய அமெரிக்காவில் அதை மூடிவிட்டார்கள், ஜப்பான்காரர் எடுத்துக்கொண்டார்கள், டொயோட்டாவில் அது வேர்விட்டது. எங்கள் பக்கத்தில் ஓடாவியிடம் வேலை பழகினவர்களுக்கு வருடக்கணக்காகக் கூட நின்றுதான் கை வந்தது, அந்த ஆழம் வேறு, ஆனால் சீசனுக்கென்று வந்து சேருகிற பிள்ளைக்கு அவ்வளவு காலம் எங்கே?

எங்கள் அறைகளைப் பார்க்கிற தங்கச்சி முன்பு புதுப் பிள்ளைகளிடம் "ஒழுங்காச் செருகு" என்று மட்டும்தான் சொல்லுவா. பயிற்சிக்குப் போய்வந்த பிறகு, மெத்தை மூலையில் விரிப்பைத் தூக்கிப் பிடித்து, கீழ்த்தொங்கலை முதலில் செருகி, பிறகு மடிப்பை இறக்கிக் காட்டி, மாறிச் செய்தால் ஆள் புரண்டு படுக்கும்போது கழன்றுவிடும் என்று காரணத்தையும் சொல்லுறா. அவவுக்கு இதைச் சொல்லித்தர யாருமே இருந்ததில்லை, அதுதான் எனக்குப் பெரிய விஷயம்.

குறை ஒன்று, பெரிய குறை. அந்த முறையின் நாலாம் படி, பழக்கிய ஆளைப் பிறகும் போய்க் கவனிப்பது. வகுப்பில் அதை அழுத்திச் சொன்னவர்கள் பிறகு ஒரு போன் கூட எடுக்கவில்லை. அதைக் கட்டணத்துக்குள்ளேயே சேர்க்க வேண்டும், அனுப்புகிறவர்கள் முதலே கேட்டுப் பேசிக்கொள்ளுங்கள்.

தருகிற சான்றிதழ் என்.வி.கியூ. என்ற தேசிய தொழிற்தகைமை இல்லை. அனுபவம் இருந்தும் கடதாசி இல்லாதவர்கள் அரச தொழிற்பயிற்சி நிறுவனமான நைட்டாவில் முன்கற்றல் அங்கீகாரம் பற்றி விசாரியுங்கள், திறமையை மதிப்பிட்டே என்.வி.கியூ. கொடுக்கிற வழி அங்கே இருக்கிறது.