கழற்றிக் கழுவ முடிகிற டிரிப்பர்தான் என் தேர்வு

வீட்டுத் தோட்டத்துக்குச் சொட்டுநீர் போடலாம் என்று இறங்கினால், மூன்று வகைகளுக்கு முன்னால் வந்து நிற்போம்: உடம்பெல்லாம் நீர் கசியும் கசிவுக் குழாய், டிரிப்பரை (நீரைச் சொட்டுச் சொட்டாக விடும் சிறு துண்டு) உள்ளேயே பதித்து வரும் இன்லைன் குழாய், ஓட்டை போட்டு வெளியே பொருத்தும் பொத்தான் டிரிப்பர். நான் கசிவுக் குழாயில் தொடங்கி, ஒரு பருவம் மல்லுக்கட்டிவிட்டுப் பொத்தானுக்கு மாறியவன். அந்தச் சாய்வு எழுத்தில் இருக்கும்.

தண்ணீர் மிச்சமாவதில் மூன்றுமே ஹோஸ் பிடித்து ஊற்றுவதைவிட மேல். ஹோஸ் ஒரே நிமிடத்தில் சுலபமாகப் பத்து லிட்டர் கொட்டிவிடும். மணிக்கு 2 லிட்டர் விடும் டிரிப்பர்கள் இருந்தால் அதே பத்து லிட்டர் 20 தொட்டிகளுக்குக் கால் மணி நேரம் வரும், அதுவும் வேர்ப்பக்கம் மட்டும்.

கசிவுக் குழாயைப் போடுவது எளிது. பாத்தியில் நீட்டி, மேலே மூடாக்கு போட்டால் வேலை முடிந்தது. ஆனால் என்னிடம் இருப்பவை தொட்டிகள். இரண்டு தொட்டிகளுக்கு நடுவில் கசிந்ததெல்லாம் தரைக்குத்தான் போனது. குழாய்ப் பக்கம் சொதசொதவென்று ஈரம், கடைசித் தொட்டியில் மண் வெடிப்பு.

இன்லைன் பார்க்க அழகு. நேர் வரிசையில் சம இடைவெளியில் நட்ட தரைப் பாத்திக்கு அதுவே பொருத்தம் என்று நினைக்கிறேன். நண்பர் வீட்டில் பார்த்ததோடு சரி, நான் போட்டதில்லை. தொட்டிகளை இடம் மாற்றிக்கொண்டே இருப்பவர்களுக்கு அதன் இடைவெளி ஒத்துவராது.

என்னை முடிவெடுக்க வைத்தது அடைப்பு. டிரிப்பருக்குள் நீர் போகும் வழி மிகக் குறுகல். மணலையும் பெரிய தூசியையும் 120 மெஷ் ஃபில்டர் (அங்குலத்துக்கு 120 கண்கள் உள்ள சல்லடை) நிறுத்திவிடும். கரைந்திருக்கும் உப்பை அது என்ன செய்யும்? குழாயை மூடியதும் டிரிப்பர் வாயில் தங்கிய கடைசிச் சொட்டு காய்கிறது, உப்பு அங்கேயே படிகிறது. தினமும் கொஞ்சம். கையால் ஊற்றும்போது ஒவ்வொரு செடியின் முகத்தையும் பார்ப்போம். சொட்டுநீர் வந்ததும் அந்தப் பழக்கம் போய்விடும். அதனால் அடைப்பு நமக்குத் தெரியும்போது செடி ஏற்கெனவே வாடியிருக்கும்.

அப்படித்தான் ஒரு தக்காளிச் செடி தலை தொங்கி நின்றது. பக்கத்துச் செடிகள் செழிப்பாக இருந்தன. டிரிப்பரின் மூடியைத் திருகினால் உள்ளே மாவு அப்பியதுபோல் வெள்ளைப் படிவு. வினிகரில் போட்டதும் குமிழ் விட்டது. இரவு முழுக்க ஊறவைத்துக் கழுவினேன், மறுநாள் சொட்டியது. (அவசரத்தில் இன்னொன்றை ஊசியால் குத்தினேன். துளை பெரிதாகி, அந்தத் தொட்டிக்கு மட்டும் இன்றுவரை கூடுதல் தண்ணீர். குத்தாதீர்கள்.) இன்லைனில் இதே அடைப்பு வந்தால் அந்தத் துண்டை வெட்டி எடுத்து இணைப்பான் போட வேண்டும். கசிவுக் குழாயின் நுண்துளைகளுக்குள் உப்பு ஏறிவிட்டால் மீட்பது கடினம், என்னுடையது குப்பைக்குத்தான் போனது.

வாங்கும்போது மூடி கழலுகிறதா என்று பாருங்கள். ஒட்டி மூடிய பொத்தான்களும் உண்டு, அவற்றை வாங்கினால் நான் சொன்ன லாபம் எதுவும் கிடையாது. குழாய் கறுப்பாக இருக்கட்டும். வெளிச்சம் புகும் குழாயில் பாசி பிடிக்கும். மாதம் ஒருமுறை குழாயின் கடைசி மூடியைத் திறந்து தண்ணீரை ஓடவிடுகிறேன். முதல் சில நொடிகள் பழுப்பாக வரும், அப்புறம் தெளிந்துவிடும்.

மேல்நிலைத் தொட்டித் தண்ணீரின் உயரத்தை மட்டும் நம்பியிருப்பவர்கள் அழுத்தத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். பத்து மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 1 பார் (bar, அழுத்தத்தின் அலகு). மூன்று மீட்டர் மேடையிலிருந்து 0.3 பார்தான் கிடைக்கும். அழுத்தத்தைச் சமன்செய்யும் ரக டிரிப்பர்கள் பெரும்பாலும் அதற்கு ஒழுங்காக வேலை செய்யாது. சாதாரணப் பொத்தான் சொட்டும், ஆனால் அட்டையில் போட்டிருக்கும் அளவுக்கு வராது. ஆகவே வரிசையின் முதல் டிரிப்பரின் கீழும் கடைசி டிரிப்பரின் கீழும் ஒரே அளவு டம்ளர் வைத்துக் கால் மணி நேரம் கழித்துப் பாருங்கள். இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு இருந்தால் சரி. கடைசி டம்ளரில் பாதிதான் இருந்தால், குழாயை இரண்டு கிளையாகப் பிரித்துவிடுங்கள்.